வேம்புலிக்கு ஓர் இரங்கற்பா

அத்தியாயம் ஒன்பது

போன வாரப் பக்கத்தில் பஜ்ஜி மடித்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் இருந்த கதை இவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனி. அதில் கட்டிங் பிரிவுக்கு சூப்பர்வைசர் நம் சாமுண்டீஸ்வரி. மலை போல அடுக்கிய துணியை ஒரே இழுப்பில் வெட்டுகிற கை. அந்தக் கைக்கு இந்த வயதில் கவிதை எழுதும் ஆசை வந்துவிட்டது. திருமுல்லைவாயிலில் அவள் வீட்டுக்கு அடுத்த தெரு அடுக்ககத்தில், கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண் அகல்யா சனிக்கிழமைதோறும் கவிதை வகுப்பு நடத்துகிறாள். சிவகாசிப் பக்கத்துப் பெண். சாமுவுக்கு மகள் வயதுதான். சாமு அங்கே போய்ச் சேர்ந்தாள்.

போன வாரம் அகல்யா ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தாள்.

"உயிரோட இருக்கிற ஒருத்தரை, உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்களை நினைச்சுக்கோங்க. அவங்க இல்லாமப் போயிட்டதா வெச்சு ஓர் இரங்கற்பா எழுதிட்டு வாங்க. 'அழுதேன்'னு எழுதக் கூடாது. எதைப் பார்த்தா அழுகை வருமோ, அதை மட்டும் எழுதணும்."

யாரை எழுதுவது என்று சாமு யோசித்தாள். ரொம்ப வேண்டியவர் என்று கையை நீட்டினால், அது நேராகப் போய் ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் வேம்புலி மேல்தான் விழுந்தது. இருப்பது ஒரே புருஷன். அவரையே எடுத்துக்கொண்டாள்.

* * *

முதலில் அவள் எழுதியது ஆவடி லோக்கல் ரயில் நீளம். தெய்வமே, தீபமே, தேரே, தேன்கூடே என்று பெட்டி பெட்டியாகக் கோத்திருந்தாள்.

"ஒரு தாள்ல எழுதி கண்ணு படுற இடத்துல ஒட்டுங்க அக்கா. போற வர்றப்ப படிங்க. பொய்யான வார்த்தை மீன்முள் மாதிரி தொண்டையில நிக்கும். அதை மட்டும் எடுத்துப் போட்டுருங்க" என்று அகல்யா சொல்லியிருந்தாள்.

கம்பெனியில் மிஞ்சிய பழுப்புப் பேட்டர்ன் தாளில் எழுதி, சமையலறைக் குழாய்க்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டினாள். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான். கல்யாணமான நாளிலிருந்து வேம்புலி சமையலறை வாசற்படியைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை.

வாரம் முழுக்கச் சாமு பாத்திரம் விளக்கினாள், படித்தாள், முள் எடுத்தாள். துணியில் வெட்டி விழுந்தால் நஷ்டம், கவிதையில் வெட்டி விழுந்தால் லாபம் என்பது அவளுக்குப் புதுக் கணக்காக இருந்தது. சனிக்கிழமை விடிந்தபோது ரயிலில் இன்ஜினும் ஒரு பெட்டியும்தான் மிச்சம்.

அதை மனப்பாடமாக எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். வேம்புலிக்கு மதிய ஷிப்ட். அவள் கிளம்பும்போது கேஸ் சிலிண்டர் ஆடுகிற அளவுக்குக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள்.

*கொடியில் காய்கிறது காக்கிச் சட்டை*
*கிரீஸ் கறையோடு.*
*வாசலில் செருப்பு*
*உள்ளே வரும் பக்கமாகவே திரும்பியிருக்கிறது.*
*சமையலறைக் குழாய்*
*சொட்டிக்கொண்டே இருக்கிறது.*
*ஞாயிற்றுக்கிழமை சரி செய்கிறேன் என்றவர்*
*ஞாயிற்றுக்கிழமையையும் கூட்டிக்கொண்டு*
*போய்விட்டார்.*
*என் தெய்வமே, திரும்பி வா!*

மின்விசிறி கூடச் சத்தம் போடாமல் சுற்றியது. முன்வரிசையில் இருந்த பேங்க் அம்மா போனை எடுத்து, "ஏங்க, சாப்பிட்டீங்களா? சும்மாதான் கேட்டேன்" என்று புருஷனிடம் விசும்பினாள்.

"அக்கா" என்றாள் அகல்யா. அவள் கண்ணே கலங்கியிருந்தது. "அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம். அது உங்க வரி இல்லை, எங்கயோ கேட்டது. 'போய்விட்டார்'க்கு அப்புறம் ஒரு வரி பாக்கி இருக்கு. ஆனா அதை நீங்களா இழுத்துட்டு வரக் கூடாது. அதுவா வரும். காத்திருங்க."

சாமு தரையில் இல்லை. அடுக்ககத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே மிதந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் நின்ற ஆள் கேட்டான்.

"யாருக்கு அண்ணி இது?"

* * *

கேட்டது மதுரைவீரன். வேம்புலியின் தம்பி. பகலில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுவான். சாவு விழுந்த வீடுகளில் கானா பாடுவான். அவன் பாடினால் இறந்தவரே எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்துக்கொள்வார் என்று பாடி மேம்பாலம் வரைக்கும் பெயர். மதியச் சவாரிக்குப் போகிற வழியில் அண்ணியை வீட்டில் விடலாம் என்று வந்திருந்தான்.

"உங்க அண்ணனுக்குத்தான்" என்றாள் சாமு, பெருமையாக.

மதுரைவீரன் கதவைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் எப்போ...?"

"ச்சீ, வாயக் கழுவு! குத்துக்கல்லாட்டம் கீறாரு. இது வகுப்புல குடுத்த பாடம்."

"உசுரோட கீற ஆளுக்கு சாவுப் பாட்டா? இன்னா வேல பண்ணிட்ட அண்ணி! கேட்டதும் மெர்சலாயிட்டேன்."

"கவிதைதானடா?"

"பாட்டோ கவிதையோ, போனவங்களுக்குப் பாடுறது போனவங்களுக்குத்தான். நாங்க ரிகர்சல் பண்றோமே, எதுக்குப் பாடுவோம் தெரியுமா? எங்க செட்டுக்குன்னு ஒரு ஓட்ட ஆட்டோ கீது. அதுக்கு மாலை போட்டு, 'டயரு தேஞ்ச ராசாவே'ன்னு அத்தப் பாத்துதான் பாடுவோம். உசுரோட கீற மனுசன் பேர நாக்குல எடுக்கவே மாட்டோம்."

"ஆட்டோவுக்கு என்ன ஆச்சு அண்ணா?" என்று அகல்யா கேட்டாள்.

"நாலு வாட்டி இன்ஜின் பூட்ச்சு."

யாரோ சிரித்தார்கள். மதுரைவீரன் சிரிக்கவில்லை.

"செட்ல ஒருத்தன் வெளையாட்டா மாமனார் பேர வெச்சுப் பாடினான். மறுநாளே..."

"போயிட்டாரா?" சாமுவின் குரல் இறங்கிவிட்டது.

"பொட்டியத் தூக்கினு அவன் ஊட்டுக்கு வந்து குந்திட்டாரு. இன்னும் போவல. ஆனா எல்லாருக்கும் அப்படி நல்லபடியா முடியும்னு சொல்ல முடியாது அண்ணி."

"இதெல்லாம் வெறும் நம்பிக்கை அண்ணா, கவிதை யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்று அகல்யா கம்பீரமாகச் சொன்னாள். பிறகு சாமுவின் பக்கம் குனிந்து, "எதுக்கும் ஒரு போன் போட்டுருங்க அக்கா" என்றாள்.

சாமு போட்டாள்.

ஸ்விட்ச் ஆஃப்.

வேம்புலியின் போன் அணைந்திருந்து யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போது கூட அதைச் சோப்பு டப்பா மேல் வைத்துக்கொண்டுதான் குளிப்பார்.

* * *

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கிய சாமு அப்படியே நின்றுவிட்டாள்.

வாசலில் வேம்புலியின் செருப்பு. உள்ளே வரும் பக்கமாகத் திரும்பி இருந்தது.

மேலே கொடியில் காக்கிச் சட்டை. கிரீஸ் கறையோடு ஆடிக்கொண்டிருந்தது.

ஷிப்டுக்குப் போகிறவர் காக்கியும் செருப்பும் இல்லாமல் எங்கே போனார்?

"இந்தாய்யா!" என்று கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டால் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் சிக்னல் விழும். இன்று அந்தக் குரல் பக்கத்து அறை வரைக்கும்கூடப் போகவில்லை. பதில் வந்தது சமையலறையிலிருந்து.

சொட்.

சொட்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். குழாய்க்கு மேலே சுவரில் நாலு துண்டு செல்லோடேப் மட்டும் இருந்தது. தாளைக் காணோம்.

சாமு வாரம் முழுக்க உட்கார்ந்து முள் எடுத்த வரிகள், ஒவ்வொன்றாக அந்த வீட்டில் நிஜமாகிக்கொண்டிருந்தன. சட்டை, செருப்பு, குழாய். அடுத்த வரி என்ன என்று அவளுக்குத்தான் மனப்பாடமாகத் தெரியுமே.

"ஊட்டுக்குள்ள ஆளு இல்ல அண்ணி, அண்ணன் வண்டியும் இல்ல" என்று மதுரைவீரன் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. நெமிலிச்சேரியில் வாழ்க்கைப்பட்ட மகள் சுரேகா.

"எம்மா, அப்பாவுக்கு இன்னா ஆச்சு? காலைல இங்க வந்துச்சு. வெள்ளை சட்டை, ஷூவு, எங்க கல்யாணத்துக்குப் போட்டதெல்லாம் போட்டுகினு வந்துச்சு. பாதி இட்லிய வெச்சிட்டு எழுந்துகிச்சு."

வேம்புலி தட்டில் பாதி இட்லி மீந்தது என்பது, பட்டாபிராமில் பனி பெய்தது என்பதைப் போன்ற செய்தி. சாமு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எதனா சொன்னாராடி?"

"'அம்மா வாயிதான் பெருசு, மனசுல ஒண்ணும் கெடையாது. நல்லாப் பாத்துக்கோ'ன்னுச்சு. அப்பால என் தலையத் தடவிட்டுப் பூட்ச்சு. ஏம்மா, எதனா சண்டையா?"

சாமு தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். வார்த்தைகளை வைத்து விளையாடப் போன வாய்.

* * *

மதுரைவீரன் ஆட்டோவிலிருந்து ஷேர் போர்டைக் கழற்றி உள்ளே எறிந்தான். வண்டி டிப்போவை நோக்கிப் பறந்தது. வழியில் இருந்த வேகத்தடைகளுக்குத் தாங்கள் எதற்காகப் போடப்பட்டோம் என்றே புரிந்திருக்காது.

"மாத்து ஒண்ணு கீது அண்ணி" என்றான் திரும்பாமலே. "தப்பித் தவறிப் பாடிட்டா, யாருக்குப் பாடினோமோ அவங்க முன்னாடி அதே பாட்டப் பாடணும். கேட்டுட்டு அவங்க வாயால பதில் சொல்லணும். சாவுப் பாட்டுக்குப் பதில் சொல்ல ஆள் கீதுன்னு தெரிஞ்சா, பாட்டு அவங்கள வுட்டுட்டுப் பூடும்."

"பதில் சொல்ல ஆள் வேணுமேடா."

மதுரைவீரன் ஆக்சிலரேட்டரைத் திருகினான்.

திருவேற்காட்டு அம்மன் கோயில் வளைவு வந்ததும் சாமு கும்பிட்டாள். 'தாயே, அவரு நல்லபடியா இருந்தா இந்த ஜென்மத்துல கவிதையே எழுத மாட்டேன்.' வண்டி கொஞ்சம் தூரம் போனது. 'இரங்கற்பா எழுத மாட்டேன்' என்று திருத்திக்கொண்டாள். முள் எடுக்கும் பழக்கம் அவளை விடவில்லை. வண்டி இன்னும் கொஞ்சம் போனதும், 'இல்ல தாயே, முதல்ல சொன்னதுதான். ஒண்ணுமே எழுத மாட்டேன். அவர மட்டும் குடு' என்றாள்.

டிப்போவில் ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து விஷ்ணு வெளியே வந்தான். வேம்புலியின் கீழ் வேலை பழகுபவன். அவன் கையிலிருந்த ஸ்பானரைச் சாமு உடனே அடையாளம் கண்டாள். அது வேம்புலியின் ஸ்பானர். அதைத் தொடுவதற்கு டிப்போ மேனேஜரே அனுமதி கேட்க வேண்டும்.

"அண்ணன் வந்தாரு அக்கா. லீவு சொல்லிட்டு, செட்டை மொத்தமா என் கையில குடுத்துட்டாரு. 'துரு புடிக்க வுடாதே'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

"எங்க போறேன்னு சொன்னாரா?"

"பூந்தமல்லில நெஞ்சுக்குப் பாக்கற நல்ல டாக்டர் யாருன்னு கேட்டாரு. எங்கப்பாவுக்குப் பாத்த ஆஸ்பத்திரியச் சொன்னேன்."

மதுரைவீரன் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

* * *

ஆஸ்பத்திரி முதல் மாடி வராந்தாவில், வெள்ளைச் சட்டையும் ஷூவுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பழுப்புப் பேட்டர்ன் தாள்.

சாமு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறவரைக் கண்ணால் பார்த்துவிட்ட கணத்தில் அவளுக்கு நடக்க மறந்துபோனது. மதுரைவீரன்தான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார வைத்தான்.

வேம்புலி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"டாக்டர் உன்கிட்ட இன்னா சொன்னாரு?"

"எந்த டாக்டரு?"

"மறைக்காத சாமு. போன மாசம் ஸ்டேஷன் படி ஏறக்குள்ள நெஞ்சப் புடிச்சுதுன்னு நம்ம தெரு டாக்டராண்ட இட்டுகினு போனியே. என்ன வெளிய குந்த வெச்சிட்டு உன்கிட்ட மட்டும் தனியாப் பேசினாரு. அப்ப நான் கேட்டதுக்கு 'வயித்துல காஸு'ன்னு சொன்ன."

"காஸுதான்யா!"

"அப்ப இது இன்னாத்துக்கு?" தாளைத் தூக்கிக் காட்டினார். "காலைல தண்ணி கேன் காலி. குழாயில புடிக்கலாம்னு உள்ள வந்தேன். என் சட்டை, என் செருப்பு, 'போய்விட்டார்'. நான் போறேன்னு உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்ல வாய் வராம செவுத்துல எழுதி ஒட்டிகினு அழுதுருக்க."

"ஐயோ! அது வகுப்புல குடுத்த பாடம்யா! உசுரோட இருக்கிறவங்களப் பத்தி எழுதச் சொன்னாங்க."

"அந்த டாக்டரு தனியா இன்னா பேசினாரு?"

சாமு மதுரைவீரனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "எங்க கம்பெனில மிஞ்சின சட்டை அவர் அளவுக்குக் கெடைக்குமான்னு கேட்டாரு. பேஷண்டு முன்னாடி கேக்க வெக்கமாம்."

வேம்புலி முகத்தில் கோபம் ஏறி, சிரிப்பு வந்து அதை இடித்துத் தள்ளி, கடைசியில் ரெண்டும் இல்லாமல் கண்ணில் நீர் வந்து நின்றது.

"ஒரு சட்டைக்கோசரம் என் ஸ்பானர் செட்டையே தானம் பண்ணிட்டு வந்தேனேடி!"

"போன எதுக்குய்யா அணைச்ச? நான் செத்துட்டேன் தெரியுமா?"

"நீ கூப்ட்டு சொல்லிடுவியோன்னு பயம். நீ சொல்லாத வரிக்கும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சிகினு இருக்கலாம் பாரு."

மதுரைவீரன் குறுக்கே வந்தான். "பேச்சு அப்பால. அண்ணி, மொதல்ல பாட்டு. அண்ணாத்தே, நீ கேளு. கேட்டுட்டுப் பதில் சொல்லு."

"இன்னாத்துக்குடா பதிலு?"

"சொல்லு அண்ணாத்தே, கேள்வி கேக்காத!"

சாமு சொன்னாள். வகுப்பில் நின்று சொன்ன குரல் இல்லை இது. கொடி, சட்டை, செருப்பு, குழாய் என்று ஒவ்வொரு வரியாக, சூடான பாத்திரத்தைக் கீழே வைப்பது போல மெல்ல வைத்தாள். கடைசியாக 'போய்விட்டார்' என்பதையும் வைத்தாள். தெய்வமே, திரும்பி வா என்று இப்போது சொல்லவில்லை. நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

வேம்புலி வெள்ளைச் சட்டைப் பைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

கறுப்பாக, வட்டமாக, ரப்பர் வாஷர்.

"நெமிலிச்சேரில கடை தொறந்து இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நான் இருப்பனோ இன்னாவோ தெரியல. இன்னிக்கே மாட்டிடலாம்னு வாங்கினேன்."

சாமு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுக்காமல், தேடாமல், பாக்கி இருந்த வரி வந்துவிட்டது. அவளுடையது இல்லை. அவருடையது.

"பதில் சொல்லிட்டாரு அண்ணி!" மதுரைவீரன் சட்டைக் காலரால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பாட்டு சோக்காத்தான் கீது" என்றார் வேம்புலி, தாளை மடித்தபடி. "ஆனா கிரீஸ் கறைன்னு எதுக்குப் போட்ட? டிப்போல எவனாச்சும் படிச்சா, பொண்டாட்டி துணி தொவைக்க மாட்டாளான்னு கேப்பான்."

"அந்தக் கறைதான்யா கவிதையே!"

"அப்படியா? சரி, வெச்சுக்கோ."

சாமு சிரித்தாள். வேம்புலியும் சிரித்தார். அந்த வராந்தாவில் அப்படி ஒரு சிரிப்பை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. எதிர் நாற்காலியில் குளுக்கோஸ் பாட்டிலோடு இருந்தவர்கூடச் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி, கையில் நீளமான ஈ.சி.ஜி. தாளோடு எட்டிப் பார்த்தாள்.

"வேம்புலி யாரு?"

"நான்தாம்மா" என்று எழுந்தார்.

"நீங்க உட்காருங்க சார். கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க."

வராந்தாவில் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. வேம்புலி மெல்ல உட்கார்ந்தார். சாமுவைப் பார்த்து உதட்டை இழுத்துப் புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தார்.

"இந்த டாக்டருக்கும் சட்டைதான் வேணும் போல" என்றார்.

சாமு வாஷரை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, கதவைத் தள்ளினாள்.